சக்கரத்தோடு ஏறி இறங்கும் மட்கார்டு

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம். வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தலைப்பில் நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல், தென்னை, மறுபடியும் வயல். இங்கே உயரம் என்றால் கோயில் கோபுரம், செல்போன் டவர், பாலத்து ஏற்றம், அவ்வளவுதான். இந்த ஊரில் நான் ஓட்டுவது மவுண்டன் பைக். முன்னால் ஷாக் வைத்த, 27.5 இஞ்ச் சக்கரத்தில் 2.1 இஞ்ச் டயர் போட்ட, இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு கியர் சைக்கிள்.

மலை இல்லாவிட்டாலும் இந்த வண்டிக்கு இங்கே வேலை இருக்கிறது. மன்னார்குடிக்கு வேலைக்குப் போக மெயின் ரோடு ஒன்று உண்டு; அதில் பஸ்ஸும் மணல் லாரியும் சைக்கிளை ஓரத்துப் புல்லுக்குத் தள்ளிவிடும். அதனால் முடிந்தவரை ஆற்றுக் கரையிலும் வாய்க்கால் கரையிலும்தான் போவேன். கரையில் சில இடங்களில் செம்மண் கிராவல், சில இடங்களில் உடைந்த தார், மீதி எல்லாம் டிராக்டர் போட்ட தடம். மெல்லிய டயர் வண்டியில் அந்தத் தடத்துக்குள் விழுந்தால் வெளியே வருவது கஷ்டம். தடித்த டயர் அதைக் கண்டுகொள்வதில்லை. கோடை முழுக்க இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

குறை ஐப்பசியில் ஆரம்பிக்கும். குறுவை அறுப்பு முடிகிற நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரமும் இங்கே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஒரு வயலில் அறுவடை இயந்திரம் நிற்கும், பக்கத்து வயலில் சம்பாவுக்கோ தாளடிக்கோ டிராக்டர் சேறு அடித்துக்கொண்டிருக்கும். சேற்றில் ஓட்ட மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றிவிட்டு ரோட்டில் ஏறினாலும் டயர் பள்ளத்தில் இருக்கும் சேறு கட்டிகட்டியாக விழுந்துகொண்டே வரும். அதன்மேல் மழை பெய்தால் தார் ரோடே நடவு வயல் மாதிரி ஆகிவிடும். 'ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை' என்பார்கள். இரண்டு மாதமும் மட்கார்டு இல்லாத கியர் சைக்கிளில் போகிறவன் முதுகில் நடுக்கோடு போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்குள் நுழைய வேண்டும்.

எனக்கு இதில் எரிச்சல் தருகிற விஷயம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளில் மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, முன்கூடை என்று எல்லாமே இருக்கும். அதே மழையில், அதே ரோட்டில், அந்தப் பிள்ளைகள் சீருடையோடு சுத்தமாகப் போவார்கள். அதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் நான் சேற்றைப் பூசிக்கொண்டு பின்னால் போவேன். மவுண்டன் பைக் விற்கிறவர்கள் மட்கார்டு வைத்தால் அழகு கெட்டுவிடும் என்று நினைக்கிறார்களோ என்னவோ, பெரும்பாலான மாடல்களில் வைப்பதே இல்லை. தனியாகக் கேட்டால், சீட் கம்பியில் மாட்டுகிற நீட்டுத் துண்டு ஒன்றையும், பிரேமின் அடிக்குழாயில் கட்டுகிற சின்னத் துண்டு ஒன்றையும் எடுத்துக் காட்டுவார்கள். முதுகுக்கு அந்த நீட்டுத் துண்டு ஓரளவு உதவும். காலுக்கும் செயினுக்கும் அதனால் ஒரு பயனும் கிடையாது.

ஏன் என்பதற்கு, தண்ணீர் டயரை விட்டு எப்படிப் புறப்படுகிறது என்று பார்க்க வேண்டும். டயர் ஈரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றும்போது, சுற்றின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் துளி நேர்கோட்டில் தெறிக்கிறது. முன்சக்கரத்தின் பின்பக்கம், தரையை விட்டுக் கிளம்பியதுமே விடுபடுகிற துளிகள் பெடல், பாதம், செயின் சக்கரம் எல்லாவற்றிலும் அடிக்கும். செருப்பு நனைவது, செயின் இரண்டே நாளில் கறகறவென்று சத்தம் போடுவது, பெடல் அச்சின் பேரிங்கில் மண் ஏறுவது எல்லாம் இந்தத் துளிகளின் வேலை. சக்கரத்தின் உச்சியில் விடுபடுவது முன்னால் பறக்கும். நாம் வேகமாகப் போனால் அதன் மேலேயே போய் முகத்தைக் கொடுப்போம். ஆக, முன்சக்கரத்துக்கு மட்கார்டு என்றால் முன்னால் ஷாக்கைத் தாண்டியும் கொஞ்சம் நீள வேண்டும், பின்னால் தரைக்குப் பக்கம் வரைக்கும் இறங்க வேண்டும். பழைய அட்லஸ், ஹெர்குலிஸ் வண்டிகளில் இருப்பதுபோல முழுசாக.

முழுசாக வேண்டும் என்று ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“தம்பி, இந்த வண்டிக்கு மட்கார்டு வராது. கம்பெனியே குடுக்கல பாரு.”

“வெச்சுப் பார்ப்போம்ண்ணே.”

“எதுல வெப்பே? இது ஷாக்கு. ஏறும், இறங்கும். மட்கார்டு ஏறி இறங்குமா?”

அண்ணன் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதிலும் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது, ஒரு ஸ்ப்ளெண்டர். அதன் முன் மட்கார்டு ஷாக்கின் கீழ்ப்பாதியில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். சக்கரமும் ஷாக்கின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறது. சக்கரம் பள்ளத்தில் விழுந்து ஏறினால் மட்கார்டும் கூடவே ஏறும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்போதும் மாறாது. அதனால்தான் அதை டயருக்கு ஒட்டினாற்போல வைக்க முடிகிறது. எக்ஸ்பல்ஸ் மாதிரி மேடு பள்ளத்துக்கு என்று செய்த பைக்கில் முன் மட்கார்டு மேல்பாதியில், ஹெட்லைட்டுக்குக் கீழே, டயருக்கு வெகு உயரத்தில் இருக்கும். அது மேல்பாதியில் இருப்பதால் சக்கரம் முழுசாக ஏறி வந்தாலும் முட்டாத உயரத்தில்தான் வைத்தாக வேண்டும். அவ்வளவு உயரத்திலிருந்து காலை மறைக்க முடியாது.

சைக்கிள் ஷாக்கிலும் அதே இரண்டு பாதிதான். மேலே பளபளவென்று இருக்கும் இரண்டு குழாயும் ஹேண்டில் பாருக்கு அடியில் கிரவுன் என்ற பாகத்தில் சேர்கின்றன. அவை வண்டியின் உடம்போடு சேர்ந்தவை. கீழே இருக்கும் தடித்த இரண்டு கால்களும் சக்கரத்தைப் பிடித்திருக்கின்றன. டயருக்கு மேலே ஒரு வளைவு அந்த இரண்டு காலையும் இணைக்கிறது. பழைய சைக்கிளில் மட்கார்டைக் கிரவுனில் மாட்டினார்கள், கம்பிகளை ஆக்சில் நட்டுக்கு அடியில் கொடுத்து இறுக்கினார்கள். அங்கே முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் ஒரே துண்டு, கிரவுனுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. ஷாக் வண்டியில் அதே மாதிரி மாட்டினால் முதல் பள்ளத்திலேயே கம்பி வளையும், மட்கார்டு டயரில் உட்காரும்.

கிரவுனில் மட்டும் மாட்டுகிற சாமான்களும் கிடைக்கின்றன. ஜெர்மனியின் எஸ்கேஎஸ் நிறுவனத்தின் ஷாக்பிளேடு அந்த வகை. கிரவுனுக்கு அடியில் தெரியும் குழாய் ஓட்டைக்குள் ஒரு விரிகிற கட்டையை நுழைத்து இறுக்கி, அதில் மட்கார்டைத் தொங்கவிடுவார்கள். மாட்டக் கழற்ற சுலபம், பெரும்பாலான ஷாக்குகளுக்கு ஒத்துப்போகும். ஆனால் அதுவும் ஏறி இறங்காத பக்கம் இருப்பதுதான். டயருக்கு மேலே பெரிய இடைவெளி, பின்பக்கம் பாதி வரைக்கும்கூட இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குச் சரி. தினமும் வேட்டியோ பேன்ட்டோ கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவனுக்குப் போதாது.

ஆகவே, எல்லாவற்றையும் கீழ்க்காலிலேயே மாட்டுவது என்று முடிவாயிற்று. ஒரு கம்பிகூட, ஒரு கேபிள் டைகூட மேல்பாதியைத் தொடக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் அளவுப் பிரச்சினைதான்.

அளவை எடுப்பதற்கு முன்னால் ஷாக்கை முழுசாக அமுக்கிப் பார்க்க வேண்டும். ஏறி நின்று குதித்தாலும் அது கடைசி வரைக்கும் போகாது. என்னுடையது ஸ்பிரிங் வைத்தது. மேல்மூடியைத் திறந்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டால் கையாலேயே அடி வரைக்கும் அமுக்கலாம். காற்று ஷாக் என்றால் காற்றை இறக்கினால் போதும். 80 மில்லிமீட்டர் ஷாக் முழுசாக அமுங்கியபோது, டயருக்கும் கிரவுனுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற அளவுதான் மிச்சம் இருந்தது. டயருக்கும் கீழ்க்கால் வளைவுக்கும் நடுவே இருக்கும் சந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முழு மட்கார்டு போடுகிற எவருக்கும் தொல்லை கொடுப்பது இந்த இரண்டாவது சந்து. முழு நீளத் தகட்டை அதற்குள் நுழைத்தால், தகட்டின் தடிமன், அதைப் பிடிக்கும் போல்ட்டின் தலை எல்லாம் சேர்ந்து இருக்கிற கொஞ்ச இடத்தையும் தின்றுவிடும்.

மழைத்தண்ணீர் மட்டும் என்றால் அதுவும் பரவாயில்லை. டெல்டாவில் வேறு கணக்கு. இங்கே காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல், நல்ல களி. அரைகுறை ஈரத்தில் அதன்மேல் ஓட்டினால் டயர் மேல் அடை தட்டியது போல அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றுக்கும் தடித்துக்கொண்டே வரும். நல்ல மழையில் சேறு தண்ணீராக ஓடிவிடும்; மழை விட்டு அரை நாள் வெயில் அடித்த பிறகுதான் ஆபத்து. களி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே போய் அடைத்துக்கொண்டால் சக்கரம் நின்றேவிடும். பழைய சைக்கிள்காரர்கள் மட்கார்டுச் சந்தைக் குச்சியால் நோண்டிக்கொண்டு நிற்பதும், நோண்டி மாளாமல் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையில் நடப்பதும் எங்கள் அப்பா காலத்தில் சாதாரணம். வெளிநாட்டுக் குறிப்புகளில் டயருக்கும் மட்கார்டுக்கும் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டால் போதும் என்று சொல்வார்கள். தார் ரோட்டு மழைக்கு அது சரி. நம் கரைகளுக்கு நான் 20 மில்லிமீட்டருக்குக் குறைய மாட்டேன்.

வளைவுக்கு அடியில் அந்த 20 கிடைக்காது. அதனால் மட்கார்டை இரண்டாக வெட்டினோம். வளைவுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. நடுவில் வளைவே மட்கார்டாக நிற்கும். அதன் அடியில் தகடு எதுவும் போகாது. முன் துண்டின் பின்முனை வளைவின் முன்முகத்தில் உட்காரும், பின் துண்டின் முன்முனை வளைவின் பின்முகத்தில் உட்காரும். வளைவுக்கு அடியில் ஷாக் செய்தவன் விட்ட இடம் முழுசாக மிஞ்சுகிறது, அதற்கு மேல் யாராலும் கேட்க முடியாது. வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, பழைய டியூபைக் கீறி ஓரத்தில் ஒட்டிவிட்டால் சத்தமும் வராது.

வாங்கியது 65 மில்லிமீட்டர் அகல பிளாஸ்டிக் மட்கார்டு. 2.1 இஞ்ச் டயர் என்றால் ஏறக்குறைய 53 மில்லிமீட்டர்; மட்கார்டு அதைவிட ஒரு சென்டிமீட்டராவது அகலமாக இருந்தால்தான் பக்கவாட்டில் தெறிப்பதைப் பிடிக்கும். கடையில் இருந்த இரும்பு மட்கார்டு பழைய 28 இஞ்ச் வண்டிகளுக்கானது, அகலம் போதாது, வளைவும் வேறு. இரும்பு என்றால் இந்த ஊர் ஈரத்துக்குத் துருவும் பிடிக்கும். பிளாஸ்டிக்குக்கும் ஒரு வியாதி உண்டு, போல்ட் ஓட்டையைச் சுற்றி வெயிலில் விரிசல் விடும். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் அகலமான வாசரும் நடுவில் டியூப் ரப்பரும் கொடுத்தால் நாள் தாங்கும்.

வளைவில் பிடிக்க என் ஷாக்கில் ஓட்டை கிடையாது. புதிய சில ஷாக்குகளில் வளைவின் பின்முகத்தில் மட்கார்டுக்கென்றே ஓட்டை விட்டிருக்கிறார்கள். இல்லாதவர்கள் துளை போட்டுவிடலாமே என்று நினைக்கக் கூடாது. நல்ல ஷாக்கில் கீழ்க்கால் மெக்னீசியக் கலவை வார்ப்பு. உள்ளே எண்ணெய் இருக்கும். டிரில் வைத்தால் ஷாக் போயிற்று. வளைவில் அலங்காரத்துக்காகவும் எடை குறைக்கவும் விட்டிருக்கும் ஜன்னல் போன்ற இடைவெளிகள் வழியாக அகலமான கேபிள் டை இரண்டைக் கொடுத்து, அடியில் டியூப் துண்டு வைத்து இறுக்கினோம். அண்ணனுக்கு இது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. “போல்ட்டு போட்டா மாதிரி இருக்குமா தம்பி?” என்றார். இருக்காது. ஆனால் வளைவு மட்கார்டை இடம் நகராமல் பிடித்தால் போதும், எடையைத் தாங்குவது கம்பிகளின் வேலை.

கம்பிக்கு இடம் தேடியபோது ஓர் அதிர்ஷ்டம். டிஸ்க் பிரேக் வண்டிதான் என்றாலும் என் ஷாக்கின் கீழ்க்கால்களில் ரிம்மைக் கவ்வும் பழைய வி-பிரேக் மாட்டுகிற மரைகள் சும்மா இருந்தன. எம்6 போல்ட் ஏறும். முன் துண்டின் கம்பிகள் இரண்டும் அங்கே போயின. பின் துண்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி: ஒன்று நடுவில், ஒன்று அடிமுனைக்குக் கொஞ்சம் மேலே. இவற்றுக்குக் காலைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வைத்த கிளாம்பு, லாரி பட்டறைகளில் டீசல் பைப்பைப் பிடிக்க வைப்பார்களே, அந்தச் சாமான். காலின் சுற்றளவை நூலால் அளந்துகொண்டு போனால் சரியான அளவு கிடைக்கும். கம்பி நான்கு மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கேட் செய்யும் வெல்டிங் பட்டறையில் ஒரு முனையில் கண் வைத்து வளைத்துக் கொடுத்தார்கள்.

இடது காலில் டிஸ்க் தகட்டைக் கவ்வும் பிரேக் கேலிப்பர் குறுக்கே இருக்கிறது. கம்பியை நேராக விட்டால் ஒன்று கேலிப்பரில் உரசும், இல்லாவிட்டால் டிஸ்க் தகட்டில் உரசும். இரண்டும் கூடாது. கிளாம்புக்கும் கம்பிக்கும் நடுவே அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்று வைத்துக் கம்பியை வெளியே தள்ளினோம். வலது பக்கம் இந்த வேலை கிடையாது, ஆனால் மட்கார்டு நடுவில் நிற்க வேண்டும் என்பதற்காக அங்கேயும் கம்பியைக் கொஞ்சம் வளைக்க வேண்டியிருந்தது. கம்பிகளை ஆக்சில் நட்டுக்கு அடியில் கொடுத்துவிடலாம் என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சர் ஆகிச் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் மட்கார்டும் சேர்ந்து தொங்கும், திரும்ப நேராக வைக்க அரைமணி நேரம் ஆகும். என் வண்டியிலோ நட்டுக்குப் பதில் ஒரு பிடியை மடக்கிச் சக்கரத்தை இறுக்கும் குயிக் ரிலீஸ். அதன் பிடிக்கு நடுவே கம்பி மாட்டுவது பாதுகாப்பும் இல்லை.

பாதுகாப்பு என்றதும் முன்சக்கர மட்கார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டிய ஒன்று. ரோட்டில் கிடக்கும் குச்சி டயரில் மாட்டி மட்கார்டுக்குள் இழுபட்டால், மட்கார்டு அப்படியே மடிந்து சுருண்டு டயருக்கும் ஷாக்குக்கும் நடுவே ஆப்பு வைத்தது மாதிரி இறங்கும். முன்சக்கரம் சட்டென்று நிற்கும், ஓட்டுகிறவன் ஹேண்டில் பாருக்கு மேலே போவான். இதற்காகவே எஸ்கேஎஸ் மட்கார்டுகளில் முன்கம்பியின் முனை ஒரு பிளாஸ்டிக் பிடிக்குள் இருக்கும். பலமாக இழுபட்டால் கம்பி கழன்று வந்துவிடும், மட்கார்டு மடியாது. நம் கரைகளில் கருவை முள், மூங்கில் சிம்பு, தென்னை மட்டைக் கீற்று எதற்கும் பஞ்சமில்லை. அது மட்டுமா, தை மாசிச் சம்பா அறுப்புக்குப் பிறகு வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ரோடெல்லாம் கிடக்கும். அது டயரைச் சுற்றினால் குச்சியைவிட மோசம்.

அதனால் முன்சக்கரத்தில் கம்பிகளைத் தகட்டோடு சேர்க்கும் இடத்தில் நட்டு போல்ட் வைக்கவில்லை. சின்ன கேபிள் டைகள், அவ்வளவே. நடக்கிற அதிர்வைத் தாங்கும், ஏதாவது உள்ளே இழுபட்டால் அறுந்துவிடும். ஷாக் காலில் உள்ள முனைகள் மட்டும் நைலான் நட்டோடு நன்றாக இறுக்கியவை. கம்பி முனை தகட்டைத் தாண்டி நீளாமல் வெட்டி, மேலே ரப்பர் மூடி போட வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் அசட்டை கூடாது.

இடைவெளியை வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. டயர் மட்கார்டுக்குள் நுழைவது பின்பக்க அடிமுனையில், வெளியேறுவது முன்முனையில். நுழையும் இடத்தில் சந்து கொஞ்சம் குறுகலாகவும், சுற்றுகிற திசையில் போகப்போக அகலமாகவும் இருந்தால், உள்ளே வந்த களியோ கல்லோ நடுவில் சிக்காமல் வெளியே போய்விடும். வளைவுக்கு அடியில் மட்டும் இந்த ஒழுங்கு உடைகிறது, அதற்கு வழியில்லை. அடிமுனையைத் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே நிறுத்திவிட்டு, மீதிக்கு எண்ணெய் கேனிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டைத் தொங்கவிட்டோம். வரப்பில் ஏற்றும்போது அது மடிந்து கொடுக்கும். செருப்பு நனையாமல் இருப்பதில் பாதிப் புண்ணியம் இந்தத் துண்டுக்குத்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு ஸ்பிரிங் இல்லாத ஷாக்கை மறுபடி அடிவரை அமுக்கிப் பார்த்தோம். இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது. மட்கார்டு இப்போது சக்கரத்தோடு ஏறுவதால் டயரில் முட்டாது, சரி. ஆனால் அது வண்டியின் மற்ற பாகங்களை நோக்கி ஏறுகிறதே! பின் துண்டு பிரேமின் அடிக்குழாயை நோக்கி வரும். முன் துண்டு கிரவுனுக்கு முன்னால் 80 மில்லிமீட்டர் மேலே ஏறும்; அங்கே லைட் மாட்டியிருந்தாலோ பிரேக் ஒயர் தொங்கினாலோ போய் இடிக்கும். அமுக்கிய நிலையிலேயே ஹேண்டில் பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெடலைக் கிடையாக வைத்து, செருப்புக் காலோடு, விரல் நுனி மட்கார்டில் படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். என் வண்டியில் முன் பிரேக் ஒயர் மட்டும் இடித்தது, அதை வேறு வழியாக விட்டுக் கட்டினோம்.

பின்சக்கரத்துக்கு இவ்வளவு பேச ஒன்றுமில்லை. பின்னால் ஷாக் இல்லாத வண்டி, பிரேம் ஒரே துண்டு, ஆக்சிலுக்குப் பக்கத்தில் எம்5 மரைகூட இருந்தது. முழு மட்கார்டை வெட்டாமல் அப்படியே மாட்டலாம். பிரேக் கேலிப்பர் பக்கம் மட்டும் குழாய்த் துண்டு வேண்டும். கவனிக்க வேண்டியது பெடல் அச்சுக்குப் பின்னால், இரண்டு குழாயும் பிரியும் மூலை. களி போய் அடைவதற்கு அதைவிட நல்ல இடம் வண்டியில் கிடையாது. அங்கே மட்கார்டின் முனையை டயரிலிருந்து நன்றாகத் தள்ளியே வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு ஷாக்கையே கழற்றிவிட்டு அதே உயரமுள்ள சாதா ஃபோர்க் ஒன்றைப் போட்டால் என்ன என்று கேட்டால், பதில் சொல்லக் கொஞ்சம் கஷ்டம்தான். தார் ரோட்டில் மட்டும் போகிறவர்களுக்கு அதுதான் நல்லது என்று நானே சொல்வேன். எடை குறையும், மட்கார்டைக் கிரவுனில் ஒரே போல்ட்டில் மாட்டலாம், தகட்டை வெட்ட வேண்டாம். டிராக்டர் தடம் காய்ந்து இறுகிக் கிடக்கும் கரையில் மாசி பங்குனியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டும் மணிக்கட்டு வேறு பதில் சொல்லும். ஷாக் வைத்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை. மட்கார்டு வந்த பிறகு ஷாக்குக்கும் நன்மை: பளபள குழாயின் மேல் சேற்றுத் தண்ணீர் நேராக அடிப்பது குறைந்ததால், அதன் சீலுக்குள் மண் போய் அரைப்பதும் குறையும்.

இந்த முறை எல்லா வண்டிக்கும் பொருந்தாது. வளைவைக் கால்களுக்குப் பின்பக்கம் வைத்த ஷாக்குகள் இருக்கின்றன, மேனிட்டூ கம்பெனி அப்படித்தான் செய்கிறது. அதில் எங்கே வெட்டுவது, எந்தத் துண்டு நீளம் என்ற கணக்கே மாறும். வி-பிரேக் மரை இல்லாத புதிய ஷாக்குகளில் முன் துண்டுக்கும் கிளாம்புதான் கதி. 2.4 இஞ்ச் டயரை நெருக்கிப் போட்டிருப்பவர்களுக்கு வளைவுக்கு அடியில் களி போகவே வழியிருக்காது. மட்கார்டு இல்லாமலேயே அடைத்துக்கொள்ளும். அவர்கள் மழைக்காலத்துக்கு மட்டும் மெலிந்த டயருக்கு மாறினால் இரண்டு காரியமும் ஆகும்.

அண்ணன் கடையில் இப்போது இன்னொரு கியர் சைக்கிள் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் ஷாக், பின்னாலும் ஏறி இறங்கும். அந்தப் பையனுக்கும் முழு மட்கார்டு வேண்டுமாம். “அதே மாதிரி பண்ணிடலாம்ல தம்பி?” என்று அண்ணன் கேட்டார். முன்பக்கம் பண்ணிவிடலாம். பின்பக்கத்துக்குக் கம்பிகளைச் சக்கரம் மாட்டியிருக்கும் கைகளிலேயே பிடிக்க வேண்டும், முன் பிரேமில் எதையும் கட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முதலில் அதன் ஷாக்கில் இருக்கும் காற்றை இறக்கி அமுக்கிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.